சொந்த ஜாமீனில் வந்தவர்கள்

எனக்கு இருபத்துநாலு வயது நடந்துகொண்டிருந்தபோது ஜவ்வாது மலையில் வேலை போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை இல்லை. பிரசவம் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை கொடுப்பது, மாதம் ஒருமுறை கீழே இறங்கிப் போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரிப்போர்ட் கொடுப்பது, இதற்கெல்லாம் ஒன்றரை வருஷம் படித்த கிராம நர்ஸ். எங்கள் ஊர் சந்தவாசலுக்குப் பக்கத்தில். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். வாசலில் நின்றால் மலை தெரியும். ஆனால் வேலைக்குப் போகும்வரை நான் அதன்மேல் ஏறினதில்லை.

என் பொறுப்பில் ஏழு ஊர்கள் இருந்தன. ஊர் என்றால் இருபது முப்பது வீடுகள். ஓட்டுக்கூரை போட்ட ஒரே ஒரு அறையை எனக்குத் துணை சுகாதார நிலையம் என்று கொடுத்திருந்தார்கள். மருந்து பீரோ ஒரு பக்கம், என் கட்டில் ஒரு பக்கம். காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாமைக் கொல்லைகளின் வரப்பிலும் காட்டுப் பாதையிலும் நடந்து நாளைக்கு ஒரு ஊர், முடிந்தால் இரண்டு ஊர் பார்ப்பேன். முதல் ஆறு மாசம் என்னைப் பார்த்தாலே பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. "நர்ஸம்மா வந்துட்டாங்க" என்று கொல்லையிலிருந்தே குரல் கொடுப்பார்கள்.

என் அறையிலிருந்து அரைமணி நடையில் இருந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம் வரவிருந்தது. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். முதல் பெண்குழந்தைக்கு மூன்று வயது. அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும், ரத்தமே இல்லை. சத்து மாத்திரை கொடுத்தால் வயிற்றைப் புரட்டுகிறது என்று கூரையில் செருகி வைத்துவிடுவாள். "இந்தத் தடவை வூட்ல பாக்க வேணாம், பத்து நாள் முன்னாடியே கீழ ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்று அவளிடமும் அவள் மாமியாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் அவள் புருஷன். அவன் அப்போது சப்ஜெயிலில் இருந்தான்.

அது சந்தன மரம் வெட்டினார்கள் என்று மலையில் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். வெட்டச் சொன்னவர்கள் கீழே இருந்தார்கள். லாரியும் அவர்களுடையதுதான். மலைக்காரர்கள் கட்டையைத் தலையில் சுமந்து அடிவாரம்வரை கொண்டு போய்ப் போட்டால் கூலி கிடைக்கும். ரெய்டு வரும்போது கையில் கட்டையோடு இருப்பவன்தானே மாட்டுவான். அவள் புருஷனான அந்தப் பையனும் அவனுடைய பெரியப்பாவும் ஒரே நாளில் ஒரே பாதையில் பிடிபட்டார்கள். பையன் என்கிறேன், அவனுக்கு இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். ஒல்லியாக, மெல்லப் பேசுகிறவனாக இருப்பான். அவன் பெரியப்பாவுக்கு அறுபது இருக்கலாம்.

அந்த வருஷம் சித்திரையில் கீழே கிணறெல்லாம் வற்றிப்போய் காலரா வந்தது. நாங்கள் அப்படிச் சொல்லக் கூடாது. "ரிப்போர்ட்ல காலரான்னு எழுதாதம்மா, வயிற்றுப்போக்குன்னு எழுது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கும் யாரோ மேலே சொல்லியிருப்பார்கள். ஆனால் கஞ்சித் தண்ணி மாதிரி போகிறதையும் ஒரே பகலில் ஆள் ஒட்டி உலர்ந்துபோவதையும் பார்த்தவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. தாலுகா முழுக்க இருந்தது. மலைக்கு இன்னும் வரவில்லை.

வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கு ஒரு சர்க்குலர் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஏழு ஊருக்கும் நடந்தேன். ஓடைத் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கீழே நோய் இருக்கும் ஊருக்குப் போகாதீர்கள், அங்கிருந்து வருகிறவர்களை உள்ளே சேர்க்காதீர்கள், யார் வந்தாலும் ஐந்து நாள் ஊருக்கு வெளியே தங்க வையுங்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். மற்ற ஊர்களில் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் ஊர்க் கவுண்டர் மட்டும் நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். ஊர் வழக்கெல்லாம் தீர்த்து வைக்கிறவர் அவர்தான். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"அஞ்சு நாளு போதுமாம்மா?" என்று கேட்டார்.

"போதும். வயித்தால போகாம இருந்தா உள்ள விடலாம்."

"எங்க ஆளுங்க வந்தாக்கூடவா?"

"யாரா இருந்தாலும்தாங்க."

மறுநாளே ஊருக்குள் நுழையும் இரண்டு பாதையிலும் இலந்தை முள்ளையும் காரை முள்ளையும் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். வேப்பிலை கட்டி, சாம்பலில் கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு சட்டியில் மஞ்சள் தண்ணீரும் வைத்தார்கள். நான் சர்க்குலரில் படித்ததையும் அவர்களுடைய பழைய வழக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்த மாத ரிப்போர்ட்டில் அதை எழுதினேன்.

அதற்கு அடுத்த வாரம் தாலுகா ஊரின் சப்ஜெயிலில் வாந்திபேதி என்று தகவல் வந்தது. கைதிகளுக்குத் தடுப்பூசி போட மூன்று நர்ஸ்களைக் கூப்பிட்டார்கள். நானும் ஒருத்தி.

ஜெயிலுக்குள் நான் போனது அந்த ஒரு தடவைதான். முன்னால் ஒரு முற்றம், அதில் ஒரு கிணறு, சுற்றி மூன்று அறைகள். இருபது பேர் தங்கக் கட்டின இடம் என்று வார்டர் சொன்னார். அன்றைக்கு எழுபதுக்குக் குறையாமல் இருந்தார்கள். இரவில் பாதிப் பேர் படுத்தால் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும், முறை வைத்துத் தூங்குகிறோம் என்று ஒரு கைதி என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். மலஜலத்துக்கு அறைக்கு ஒரு பீப்பாய். பேதி கண்டவர்களைத் தனியாகப் போட இடமில்லாமல் கதவோரமாக ஒரு கித்தான் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் மற்றவர்கள் வெளியே வர வேண்டும். கிணற்றில் தண்ணீர் கலங்கலாக அடியில் கிடந்தது. நாங்கள் மண்ணெண்ணெய் அடுப்பில் ஊசிகளைக் கொதிக்க வைத்து, வரிசையாக உட்கார்ந்தவர்களுக்குப் போட்டுக்கொண்டே போனோம். வரிசையில் முழங்காலோடு முழங்கால் இடித்தது.

பாதிப் பேர் மலைக்காரர்கள். என் ஏழு ஊர்களிலிருந்து மட்டும் பதினோரு பேர். கையை நீட்டும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பையனும் இருந்தான்.

"நர்ஸம்மா, எங்க வூட்ல எப்டி கீது?"

"நல்லாத்தான் இருக்கா. இது எட்டு முடியப் போவுது."

"ஒம்போதுல நான் வந்துருவேனா?"

நான் ஊசியைப் போட்டேன். அவனே சொன்னான்: "ஜாமீனுக்கு ரெண்டு ஆளு வேணுமாம். நெலப் பட்டா வெச்சிருக்கணுமாம். எங்க ஆளுங்ககிட்ட ஏதும்மா பட்டா. கீழ்நாட்டுக்காரங்க ரெண்டு பேரு எங்களோட மாட்னாங்க, அவங்க மூணாம் நாளே போய்ட்டாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "தண்ணிதாம்மா சரியில்ல. வேற ஒரு கொறையும் இல்ல" என்றார். அதை அவர் வார்டருக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா, தெரியவில்லை.

அந்த வாரத்திற்குள் கித்தானில் படுத்திருந்தவர்களில் இரண்டு பேர் செத்தார்கள். எங்கள் டாக்டர் மாஜிஸ்திரேட்டிடம் போய், இத்தனை பேரை இப்படி வைத்திருந்தால் மிச்சமுள்ளவர்களும் பிழைக்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் ஒருநாள் காலையில் வந்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று பார்த்தார். மறுநாள் உத்தரவு வந்தது. சின்னக் கேஸில் இருக்கிறவர்களை எல்லாம் சொந்த ஜாமீனில் விட்டுவிடலாம். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், பட்டா வேண்டாம், அவரவர் கைநாட்டு போதும், கூப்பிட்ட தேதிக்குக் கோர்ட்டுக்கு வந்தால் போதும்.

மாதாந்திரக் கூட்டத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க மலை ஆளுங்க எல்லாம் வெளிய வர்றாங்கம்மா. சந்தோஷமா?"

நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜெயிலை விட்டு அவர்கள் எங்கே போவார்கள் என்பது ஏன் எனக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். டாக்டருக்கும் தோன்றவில்லை. மாஜிஸ்திரேட்டுக்கும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து அவர்களை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதிலேயே எல்லாருடைய கவனமும் இருந்தது.

ஜெயிலில் இருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் பஸ்ஸில் ஏற்றவில்லையாம். படவேடு வரைக்கும் ரோட்டில் நடந்து, அங்கிருந்து காட்டுப் பாதையில் மலை ஏறியிருக்கிறார்கள். வழியில் பெரியப்பாவுக்கு ஆரம்பித்துவிட்டது.

காலை எட்டு மணி இருக்கும். கொல்லைக்குப் போன ஒரு பெண் ஓடி வந்து என் கதவைத் தட்டினாள். "நர்ஸம்மா, முள்ளாண்ட ரெண்டு பேரு வந்து கீறாங்க. ஒருத்தரு வாந்தி எடுக்கறாரு."

நான் பையை எடுத்துக்கொண்டு போனபோது முள் அடைப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்தடியில் பெரியப்பா படுத்திருந்தார். பையன் அவர் தலையை மடியில் வைத்திருந்தான். முள்ளுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. கவுண்டர் என்னைப் பார்த்ததும், "அம்மா, நீங்க சொன்ன மாதிரிதான் வெச்சிக்கிறோம். கஞ்சி, தண்ணி எல்லாம் குடுத்துர்றோம். அஞ்சு நாளு அங்கியே இருக்கட்டும்" என்றார்.

"சரிங்க" என்றேன். அப்போது வேறென்ன சொல்வேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் மனைவி முன்னால் வந்தாள். இடுப்பில் பெண்குழந்தை, அதற்குக் கீழே பெரிய வயிறு. முள்ளை ஒட்டி நின்றாள். நாலு மாசத்துக்குப் பிறகு புருஷனைப் பார்க்கிறாள். அவன் எழுந்திருக்கவில்லை, பெரியப்பா தலை மடியில் இருந்தது.

"எளச்சிப் போய்ட்ட" என்றாள்.

"நீயும்தான்."

"ஒடம்புக்கு இன்னா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. பெரியப்பாவுக்குத்தான். நீ கிட்ட வராத, தள்ளி நில்லு."

"ஜெயில்ல அடிச்சாங்களா?"

"இல்ல. எடம்தான் இல்ல."

குழந்தைக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மாமியார் வந்து மருமகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

பக்கத்துக் கொல்லையில் காவலுக்குப் போட்ட ஒரு கொட்டாய் இருந்தது. பெரியப்பாவை அதற்குள் தூக்கிப் போட்டோம். குளுக்கோஸ் பாட்டில் கேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆள் அனுப்பினேன். இருந்ததெல்லாம் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார் என்று டாக்டர் சீட்டு எழுதி அனுப்பினார். கொதித்து ஆறின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, சர்க்கரை தீர்ந்ததும் வெல்லத்தைக் கரைத்து, ஸ்பூனால் ஊற்றினேன். ஒரு ஸ்பூன் ஊற்றுவது, இரண்டு நிமிஷம் பொறுப்பது, மறுபடி ஊற்றுவது. வாந்தி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. பையன் எனக்குச் சமமாக வேலை செய்தான். துணியை மாற்றுவான், குழி வெட்டி மூடுவான், சாம்பல் தூவுவான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னால் முழங்கை வரைக்கும் கழுவுவான். பொழுது சாயும்வரை அங்கே இருந்துவிட்டு என் அறைக்குப் போவேன். காலையில் வரும்போது பெரியப்பா மூச்சு விடுகிறாரா என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வருவேன்.

மூன்றாம் நாள் அவர் கண்ணைத் திறந்து, "கூழு கெடைக்குமா?" என்று கேட்டார். பையன் சிரித்தான். அந்த மூன்று நாளில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அது.

அந்த மூன்று நாளும் நான் கவுண்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அந்தப் பெண்ணை ஒருதடவை பார்க்க வேண்டும், அவளுக்கு மாசம் நெருங்கிவிட்டது. அவர் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க அவர்கூடவே இருக்கிறீங்களேம்மா. அவரு வாந்தி எடுக்கறத நீங்கதான தொடைக்கிறீங்க. யாரா இருந்தாலும்னு சொன்னீங்க."

அவர் கேலியாகச் சொல்லவில்லை, சண்டைக்கும் சொல்லவில்லை. நான் சொன்னதை அவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். கையைக் கழுவினால் போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் என் கையில் ஒன்றும் ஒட்டியிருக்காது என்று சத்தியம் பண்ண எனக்கே தைரியம் இல்லை.

நாலாம் நாள் காலை வந்தபோது பையன் கொட்டாய்க்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். "வலி எடுத்துருச்சாம்மா" என்றான். விடியும்போதே அவன் அண்ணி முள்ளுக்குப் பக்கத்தில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

நாங்கள் இரண்டு பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவனுடைய வீடு ஊரின் இந்தக் கோடியில்தான் இருந்தது. முள்ளிலிருந்து நாலு வீடு தள்ளி. கூரை தெரியும், வாசல் தெரியாது. உள்ளே அவன் அம்மாதான் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். முதல் பிரசவம் சுகமாகத்தான் நடந்தது என்று அவன் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னான். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து நின்றான். கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்து, "ஆம்பளப் புள்ள" என்று தூரத்திலிருந்தே சொன்னாள்.

அரைமணி ஆகியிருக்காது. அதே அண்ணி ஓடி வந்தாள். அவள் புடவையில் முழங்கால் வரைக்கும் ரத்தம்.

"நர்ஸம்மா, நிக்கல. போய்க்கினே கீது."

"நஞ்சுக்கொடி விழுந்துதா?"

"வுழுந்துருச்சி."

"அடிவயித்த அமுக்கித் தேய்க்கச் சொல்லுங்க. கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் விடாதீங்க. புள்ளைய மார்ல போடுங்க. கால் பக்கம் ஒசத்தி வைங்க. போங்க."

அவள் ஓடினாள். என் பையில் ரத்தம் நிற்பதற்கான ஊசிமருந்து இரண்டு இருந்தது, மாத்திரையும் இருந்தது. கவுண்டரைக் கூப்பிட்டேன். "உள்ள விடுங்க. ஊசி போடணும். ஒரே ஒரு ஊசி" என்றேன். ஊர் ஆட்கள் நாலைந்து பேர் வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். யார் கையிலும் தடி இல்லை. கவுண்டர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, உள்ள நாப்பது புள்ளைங்க கீது. ஒரு உசுருக்காக எல்லாத்தியும் எப்டிம்மா."

மாத்திரையையாவது கொடுக்கலாம் என்று ஒரு காகிதப் பொட்டலத்தில் நாலு மாத்திரையை மடித்து, கஞ்சிப் பானை வைக்கிற பாறைமேல் வைத்துவிட்டுப் பின்னால் வந்தேன். ஒருவர் வந்து எடுத்தார். வெளியிலிருந்து வருகிற எதையும் மஞ்சள் தண்ணீரில் கழுவித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். அவர் பொட்டலத்தைச் சட்டியில் முக்கினார். நான் "வேணாம், வேணாம்" என்று கத்துவதற்குள் காகிதம் நனைந்து பிரிந்தது. மாத்திரையும் கரைந்துவிட்டது. அவர் ஈரக் காகிதத்தை விரலில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரியவில்லை. இன்னொரு பொட்டலம் வைத்தேன். அதைக் கழுவாமல் எடுத்துப் போவதா வேண்டாமா என்று அவர்கள் பேசிக்கொண்டு நின்றார்கள்.

பையன் முள்ளுக்குப் பக்கத்தில் போய் நின்றான். "எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு நாளா ஒண்ணும் இல்ல. பாருங்க" என்று சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைக் காட்டினான். காலைத் தூக்கி முள்ளின்மேல் வைத்தான். அப்போது வீட்டுப் பக்கமிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது. முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான்.

"வராதடா. பொண்ணுகூடக் கீது, பொறந்ததும் கீது. நீ வந்தா அதுங்களும் பூடும். அங்கியே நில்லு."

அவன் காலை எடுத்தான். உள்ளங்காலில் முள் குத்தியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் முள்ளைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கலாம். அது இடுப்பு உயரம்தான். யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள், என்னைத் தொட்டுத் தடுக்கவே பயந்திருப்பார்கள். நான் போகவில்லை. அன்று காலையில்தான் பெரியப்பாவின் துணியை அலசியிருந்தேன், என் புடவை ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்களுக்காக நின்றேனா, ஊரே என்னைக் குற்றம் சொல்லும் என்று பயந்து நின்றேனா, இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் இருக்கலாம்.

கடைசியில் அவன் அம்மாவே கவுண்டரிடம் வந்து ஏதோ சொன்னாள். அவர் என்னிடம் வந்தார். "குளிச்சிட்டு வாங்கம்மா. ஓடையில முழுகிட்டு வாங்க. மாத்துப் புடவை தர்றோம்."

ஓடினேன். புடவையோடு ஓடையில் விழுந்து எழுந்து, யாரோ வீசின பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றவிட்டு உள்ளே போனேன். பையில் இருந்த ஊசிமருந்தையும் மூடியிட்ட ஊசிப் பெட்டியையும் மட்டும் கையில் வைத்திருந்தேன். மருந்தைக் கழுவினார்கள். கண்ணாடிக் குப்பி என்பதால் ஒன்றும் ஆகவில்லை.

அவள் பாயில் கிடந்தாள். உதடு வெளுத்து, நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டாள். "அவரு போய்ட்டாரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, வெளியதான் இருக்காரு" என்றேன். ஊசி போட்டேன், இரண்டையும் போட்டேன். வயிற்றை அமுக்கிப் பிடித்தேன். ரத்தம் குறைந்தது. குறைந்தது மருந்தினாலா, போவதற்கு இனி ஒன்றும் மிச்சம் இல்லாததாலா என்று என் கை அறிந்தது. நாடி நூல் மாதிரி ஓடி, அப்புறம் தேடத் தேட விரலுக்கு அகப்படவில்லை. குழந்தை பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடந்தது. மாமியார் மருமகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

ஊர் வழக்கப்படி அன்றே புதைத்தார்கள். மற்றப் பாதை வழியாக எடுத்துப் போனார்கள். பையனை முப்பது அடி தள்ளி நிற்க வைத்தார்கள். அவன் கையில் எடுத்த மண்ணை அங்கிருந்தே வீசினான். அது குழிவரை வரவில்லை.

ஐந்து நாள் முடிந்து அவனை உள்ளே விட்டார்கள். அவனுக்குக் கடைசிவரை ஒன்றும் வரவில்லை. பெரியப்பா தேறி எழுந்து நடந்தார். அந்த ஊரில் வேறு ஒருவருக்கும் நோய் வரவில்லை. நடந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் தவித்தது இதனால்தான். இன்னொரு ஊரில் முள் போடவில்லை. ஜெயிலிலிருந்து வந்த இரண்டு பேரைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள், ஆட்டுக்கறி சமைத்தார்கள். அடுத்த வாரம் அங்கே நாலு பேர் படுத்தார்கள். ஒரு குழந்தை செத்தது. கவுண்டர் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த மாத ரிப்போர்ட்டில் பிரசவ மரணத்துக்கு என்று ஒரு தனித் தாள் உண்டு. பயிற்சி பெற்றவர் உடன் இருந்தாரா என்று ஒரு கேள்வி. "இல்லை" என்று எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு, "நீ ஊர்ல இல்லையா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளியே விடச் சொல்லி எழுதிக் கொடுத்தவர் அவர்தானே. பிறகு அடுத்த நர்ஸைக் கூப்பிட்டார்.

குழந்தைக்கு அண்ணி பால் கொடுத்தாள். அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது. ஒரு மாசம் கழித்துப் பையன் என் அறைக்கு வந்து ஜெயிலில் கொடுத்த காகிதத்தை நீட்டி, "இதுல என்னிக்கு வரச் சொல்லிக்கீதுன்னு படிச்சி சொல்லுங்கம்மா" என்றான். படித்தேன். ஜெயிலில் இட நெருக்கடியையும் நோயையும் முன்னிட்டு என்று ஆரம்பித்திருந்தது. கோர்ட்டுக்கு வர வேண்டிய தேதியைச் சொன்னேன். அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனான். முதல் தடவை போய்விட்டு வந்து சொன்னான்: "ஜெயில்ல செத்தாரே, அந்த ஆலங்காயத்துப் பக்கத்துக்காரரு, அவரு பேரையும் மூணு தரம் கூப்ட்டாங்கம்மா. அவரு செத்துட்டாருன்னு நான் சொன்னேன். அதுக்குப் பேப்பர் வேணுமாம். அடுத்த வாய்தாவுலயும் கூப்ட்டாங்க."

மறு வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. நானே கேட்டு வாங்கினேன் என்பதுதான் நிஜம். கணியம்பாடிப் பக்கம் வந்துவிட்டேன். கல்யாணம் ஆயிற்று. ஒருநாள் வேறு வேலையாகச் சந்தவாசல் போயிருந்தபோது பஸ் நிற்கும் இடத்தில் அவனைப் பார்த்தேன். நடக்கத் தெரிந்த ஒரு ஆண்குழந்தையின் கையைப் பிடித்திருந்தான். அவனேதான் கிட்டே வந்து பேசினான்.

"கேஸு முடிஞ்சிருச்சிம்மா. குத்தத்த ஒத்துக்கினேன். உள்ள இருந்த நாளே போதும்னு விட்டுட்டாங்க."

"பொண்ணு எப்டி இருக்கா?"

"அம்மாகூட கீது."

அன்றைக்கு நான் முள்ளைத் தாண்டாமல் நின்றதைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டியது எனக்கு ஒன்று இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். குழந்தை அவன் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சிம்மா" என்றான். பஸ் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, மகனை மடியில் உட்கார வைத்துக்கொண்டான்.